இம்மட்டும் ஒன்றும் வளரவில்லை

"சுத்தமா இருக்கு" என்ற சொல் டீச்சர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து அத்தனை வருஷம் வேலை பார்த்த நானே கேட்டதில்லை என்றால் வேறு எவன் கேட்டிருக்கப் போகிறான்? விருதுநகரில் நான் வேலை பார்க்கும் கண் வங்கியில் கிருமிப் பரிசோதனை அவர் பொறுப்பு. இறந்தவர்கள் வீட்டிலிருந்து நாங்கள் எடுத்து வரும் கருவிழியில் கிருமி இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் டாக்டர் அதை இன்னொருவர் கண்ணில் வைப்பார். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார். "இம்மட்டும் ஒண்ணும் வளரல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

இம்மட்டும் என்பது அவர்கள் சர்ச்சில் புழங்கும் வார்த்தை. இதுவரைக்கும் என்று அர்த்தம். வருஷக் கடைசியில் எழுந்து நின்று, இம்மட்டும் காப்பாற்றினீரே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்வார்களாம். டீச்சர் அந்த வார்த்தையைச் சர்ச்சிலிருந்து தூக்கி வந்து லேபில் வைத்துக்கொண்டார். பிறகு லேபிலிருந்து வீட்டுக்கும் கொண்டு போனார். நல்லா இருக்கீகளா டீச்சர் என்று கேட்டால் "இம்மட்டும்" என்பார். அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். கேன்டீனில் ஒரு நர்ஸம்மா, மாப்பிள்ளை எப்படி, நல்ல குணமா என்று விசாரித்தது. டீச்சர் டீயை ஊதிக்கொண்டே, "இம்மட்டும் ஒண்ணும் வளரல" என்றார். கேன்டீனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவேதான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

டீச்சர் என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான். படித்தது மைக்ரோபயாலஜி. எங்கோ பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் பாடம் எடுத்தார் என்று யாரோ சொல்லப்போய் அது ஒட்டிக்கொண்டது. ஆள் குட்டை. லேப் ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, ஆடிக்கொண்டே இருக்கும். குரல் மட்டும் ஆம்பிளைக் குரல். போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் வயசுக் கணக்குக் கிடையாது.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கிருமி வளர விடும் அந்த வட்டத் தட்டின் மூடியைத் திறக்கும்போது மூச்சை அடக்கிவிடுவார். நம் மூச்சுக் காற்றில் இருப்பது தட்டில் விழுந்து வளர்ந்தால், கண்ணில் இருந்ததா, வாயில் இருந்ததா என்று யார் கண்டது? அதனால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். "நேத்து எங்க வீட்டுக்காரரு சந்தைக்குப் போயி" என்று ஆரம்பிப்பார். வாயை இறுக மூடிக்கொண்டு தட்டைத் திறந்து, கருவிழியிலிருந்து எடுத்ததை அதில் தடவி, மூடி, ஒட்டி, மேலே ஊர் பேர் எழுதி, அதற்கான பெட்டிக்குள் வைத்துச் சாத்திவிட்டு, "கத்திரிக்கா வாங்கிட்டு வந்தாரு, பூராம் சொத்தை" என்று முடிப்பார். விட்ட இடத்திலிருந்து ஒரு எழுத்துப் பிசகாது. புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். நாங்கள் அந்த இடைவெளியில் டீ வாங்கி வந்துவிடுவோம்.

கருவிழி வருவது ஒரு சின்னப் பாட்டிலில், ரோஸ் நிறத் தண்ணீருக்குள். ஐஸ் பெட்டியில் வைத்தால் நாலு நாள் தாங்கும். அதற்குள் யார் கண்ணிலாவது வைத்தாக வேண்டும். தட்டில் கிருமி முளைத்துத் தெரிய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் டாக்டர் கேட்பார், நோயாளி கேட்பார், நோயாளியின் மச்சான் கேட்பார். டீச்சர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். ஒரு முறை ஊரில் பெரிய மில் முதலாளி ஒருவர் இறந்து, அவர் கண்களை வாங்கி வந்தோம். போட்டோ எடுத்து, கட்சிக்காரர்கள் எல்லாம் வந்து கும்பிட்டு, ஒரே அமர்க்களம். மறுநாள் பாட்டிலைப் பார்த்தால் ரோஸ் தண்ணீர் மஞ்சளாகிக் கிடந்தது. கிருமி பெருகிவிட்டால் அப்படித்தான் ஆகும். "பேப்பர்ல எல்லாம் வந்திருச்சே டீச்சர்" என்றேன். "பேப்பர்ல வந்தது வந்ததுதான். பாட்டில்ல வந்ததும் வந்ததுதான்" என்று சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டார். டாக்டரும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கும் தெரியும்.

என் வேலை துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போய்க் கண் கேட்பது. சொந்தக்காரர்கள் மாலையோடு வருவார்கள், நான் ஐஸ் பெட்டியோடு போவேன். நாங்கள் போய்ச் சேரும் வரை சுத்தமான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண் மேல் வைக்கும்படி போனிலேயே சொல்லிவிடுவோம். எங்கள் நாரணாபுரத்தில் என்னைக் கண்டால் கிழவர்கள், "ஏலே, இன்னும் உசுரு இருக்குலே, போயிட்டுப் பெறகு வா" என்று கத்துவார்கள். முதல் வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலேயே தயங்கி நின்றேன். பிறகு மரத்துப் போனது. மாரில் அடித்துக்கொண்டு அழும் பொம்பிளையிடம், "அம்மா, ஃபேனை நிப்பாட்டச் சொல்லுங்க, கண்ணு காஞ்சிரும்" என்று சாதாரணமாகச் சொல்லும் அளவுக்கு மரத்துப் போனது. சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்று போன் வந்தால் எத்தனை பேர் என்று கேட்பேன். யார் என்று கேட்க மாட்டேன்.

அப்படித்தான் ஒரு தடவை எத்தனை பேர் என்று கேட்டேன். "மூணு பேருலே, அதுல ஒண்ணு உன் தங்கச்சி" என்றான் போன் பண்ணியவன்.

முத்துமாரிக்கு உயிர் தப்பியது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் திரி வைக்கிற வேலை அவளுக்கு. ஒரு கண் அன்றைக்கே போய்விட்டது. மற்றக் கண்ணில் கருவிழி மேல் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு கண்ணுக்குக் கருவிழி மாற்றி வைத்தால் பார்வை வர வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காத்திருந்தோம். ஊருக்கெல்லாம் கண் வாங்கிக் கொடுக்கிறவன் வீட்டில் இப்படி. இதற்குள் அவள் மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். சடங்குக்கு நாள் குறித்தார்கள். "அண்ணே, எம்மகள அலங்காரத்துல ஒரு தடவ பாத்துரணும்ணே. பெறகு இந்தக் கண்ணு போனாலும் போகட்டும்" என்றாள். நான் தாய்மாமன். சீர் செய்ய வேண்டியவன். இந்தச் சீரையும் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது.

ஆமத்தூரில் ஒரு லாரி டிரைவர் நெஞ்சுவலியில் இறந்தார். வாலிப வயசு. அவருடைய அம்மா, நான் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டார். கூட வந்த டெக்னீசியன் கருவிழிகளை எடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர், இம்புட்டு நல்ல கருவிழி வந்து ரொம்ப நாளாச்சு என்றார். ஒன்று உன் தங்கச்சிக்கு என்றும் சொல்லிவிட்டார். முத்துமாரியை அன்றைக்கே கொண்டுவந்து வார்டில் சேர்த்தேன். சடங்குக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. போதும்.

மறுநாள் காலையில் டீச்சர் தட்டைப் பார்த்துவிட்டு, "இம்மட்டும் ஒண்ணும் வளரல" என்றார். எனக்கு அது போதவில்லை. "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன டீச்சர், வாய் தேஞ்சிருமா?" என்றேன். அவர் காலை ஆட்டிக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தார்.

அதற்கு அடுத்த நாள் நான் உள்ளே போனபோது டீச்சர் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்திருந்தார். அது ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டு. அதன் மேல் பச்சை படர்ந்திருந்தது. ஒரு வாசனை வேறு. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பன்னீர் திராட்சை ஜூஸ் போடும் கடைப் பக்கம் வருமே, அதே வாசனை. நல்ல வாசனைதான். அன்றிலிருந்து நான் திராட்சை ஜூஸ் குடிப்பதில்லை.

"கண்ணுக்கு இதவிடக் கெட்டது கெடையாது அண்ணாச்சி" என்றார். "ரெண்டுலயும் வந்திருச்சு. டாக்டர்ட்ட சொல்லிட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "யாருக்குன்னு தெரிஞ்சும் சொல்றீகளா? ஊருக்குள்ள ஒரு பயலுக்கும் வராத கிருமி எந்தங்கச்சிக்கு வர்ற கண்ணுலதான் வந்துச்சாக்கும்? மருந்து ஊத்தி வைக்க முடியாதா? நல்லாப் பாருங்க டீச்சர்!"

"நல்லாத்தான் பாத்தேன். இத வச்சா ஒரு வாரத்துல கண்ணுக்குள்ள சீழ் பிடிச்சிரும். இப்ப வெளிச்சமாவது தெரியுது. அதுவும் போயிரும்."

"அவ மகள் சடங்கு டீச்சர்."

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "அவுகட்ட நானே சொல்றேன். நீங்க சொல்ல வேண்டாம்."

அவர் வார்டுக்கு வந்து முத்துமாரி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வந்த கண்ணில் கிருமி இருக்கிறது, வைக்க முடியாது, அடுத்தது வரும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆம்பிளைக் குரலில் சொன்னார். மழுப்பவில்லை, கையைப் பிடித்துத் தடவவும் இல்லை. முத்துமாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீச்சர் போன பிறகு, "இவ தட்டப் பாத்தாளாம், வேண்டாம்னுட்டாளாம்ல. அவ கண்ணு அவிஞ்சு போக. அவ மூஞ்சில நான் முழிக்கவே மாட்டேன்" என்றாள். நான் அவளை அதட்டவில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

டீச்சர் அதோடு விடவில்லை. கத்தரி, மருந்து, ஐஸ் பெட்டி, எங்கள் கை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துத் தட்டில் போட்டுப் பார்த்தார். ஒன்றிலும் வளரவில்லை. "எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும். இல்லன்னா அடுத்த கண்ணுலயும் வரும். ஆமத்தூருக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கைப்பையில் சாம்பிள் எடுக்கும் பாட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியில் நான் அவரோடு பேசவே இல்லை.

அது பதினாறாம் நாள் காரியம் கழியாத வீடு. மகன் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அந்த அம்மா எங்களைக் கண்டதும் எழுந்து வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தாயி. எம்புள்ள கண்ணு யாருக்கு வச்சிருக்கீக? நல்லாப் பாக்குதா?"

நான் தரையைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. யாருக்கு என்று சொல்லக் கூடாதும்மா, ஆனா புண்ணியம் உங்களுக்குத்தான் என்று சொல்லி நழுவிவிடலாம். டீச்சர் நழுவவில்லை.

"யாருக்கும் வைக்க முடியலம்மா. கண்ணுல கிருமி வந்திருச்சு."

அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. "எப்படித் தாயி வரும்? போன்ல சொன்னாகளே, சுத்தமான தண்ணியில பஞ்ச நனைச்சுக் கண்ணு மேல வைங்கன்னு. அப்படித்தான் வச்சேன்" என்றவர், உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வந்தார். "இந்த வீட்டுல இதவிடச் சுத்தமான தண்ணி ஏது? காசித் தீர்த்தம். இவன் அய்யா போயிட்டு வந்தப்பக் கொண்டாந்தாக. செம்புல ஈயம் வச்சு அடைச்சு இருந்துச்சு. அவுக சாகும்போது வாயில ஊத்த ஒடைச்சோம். மிச்சத்த இதுல ஊத்தி வச்சிருந்தேன். பஞ்சுலயும் நனைச்சேன், கண்ணுக்குள்ளயும் ரெண்டு சொட்டு விட்டேன். போற உசுருக்கு வாயில ஊத்துறோம்ல. கண்ணு தனியா வேற ஊருக்குப் போகுதே தாயி, அதுக்கும் ஊத்தி அனுப்பணும்ல."

டீச்சர் பாட்டிலை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். லேபில் தட்டைச் சாய்ப்பாரே, அதே மாதிரி. அடியில் லேசாகப் பாசி பிடித்திருந்தது எனக்கே தெரிந்தது.

"இதுலயா வந்திருக்கும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டார். வாய் இறுகிவிட்டது. அங்கே திறக்கத் தட்டு எதுவும் இல்லை. பிறகு மூச்சை விட்டு, "தெரியலம்மா. இம்மட்டும் தெரியல" என்றார். பாட்டிலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். கைப்பையைத் திறக்கவே இல்லை.

வண்டி ஊர் எல்லை தாண்டிய பிறகு நானாகத்தான் கேட்டேன். "சாம்பிள் எடுக்கத்தான வந்தீக? எடுக்கலையே?"

"எடுத்தா வளரும் அண்ணாச்சி. வளந்துட்டா அந்தம்மாட்ட நான் சொல்லணும்."

விருதுநகர் வந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கும்போது, "இனிமே போன்ல சுத்தமான தண்ணின்னு சொல்லாதீக. சுத்தம்ங்கிறது ஆளாளுக்கு ஒண்ணு. கொதிக்க வச்சு ஆறுன தண்ணின்னு சொல்லுங்க" என்றார். இன்றைக்கு வரை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்று போய்விட்டது. முத்துமாரிக்குப் போகவில்லை. அவளுக்கு எப்படிப் போகும்?

சடங்கு நடந்தது. மேளம், மைக் செட், பிளக்ஸ் போர்டு ஒன்றுக்கும் குறைவில்லை. தாய்மாமன் சீர்த் தட்டோடு நான் மேடை ஏறினேன். முத்துமாரி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்து வந்த பட்டுச் சேலையை மடியில் வாங்கி, கரையை விரலால் தடவிப் பார்த்து, "என்ன கலருண்ணே?" என்று கேட்டாள். மாம்பழக் கலரு என்றேன். "எம்மகளுக்கு எடுப்பா இருக்கும்ல?" என்றாள். இருக்கும் என்றேன். வந்திருந்த பொம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அடுத்த தட்டை எடுக்கக் கீழே இறங்கினேன். எனக்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மறுபடியும் மரத்துவிட்டிருந்தது.

அந்தத் தீபாவளி முடிந்து, கம்பெனிகள் பூஜை போட்டுத் திறந்த சமயத்தில் இன்னொரு கண் வந்தது. எந்த ஊர், யார் என்று எழுத மாட்டேன். இரண்டு நாளும் டீச்சரின் ஜன்னல் பக்கம் நான் போகவில்லை. இரண்டாம் நாள் அவரே என் மேஜைக்கு வந்தார். "இம்மட்டும் ஒண்ணும் வளரல" என்றார். அதை வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று முத்துமாரிக்குக் கலங்கலாகத் தெரிந்தது, போகப் போகத் தெளிந்தது. வீட்டுக்குப் போனதும் மகளைச் சடங்குச் சேலையைக் கட்டிவரச் சொல்லி நிற்க வைத்துப் பார்த்தாளாம். எனக்குப் போன் வந்தது. "ஏண்ணே, இதுவா மாம்பழக் கலரு? எலுமிச்சம்பழக் கலருல்ல இது! ஒனக்குத்தான் மொதல்ல கண்ணு வைக்கணும்."

டீச்சரை வந்து பார் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அடுத்த வாரம் வாரேன், மருந்து வாங்க வரும்போது பாக்கேன் என்று தள்ளிக்கொண்டே போனாள். மூஞ்சில முழிக்க மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டதே, அந்த வீம்பு. டீச்சரும் அவளைப் பற்றி விசாரிக்காமல் இல்லை. "எப்படி இருக்காக?" என்பார். நல்லாத் தெரியுதாம் டீச்சர் என்பேன். "இம்மட்டும்னு சொல்லுங்க அண்ணாச்சி. சொட்டு மருந்த விடாமப் போடச் சொல்லுங்க" என்பார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலில் செருப்புக் கடித்த புண் இவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, ரத்தத்துல வளந்திருச்சு" என்றார். "ரிப்போர்ட்ட நானே வாங்கிப் பாத்தேன்."

"மருந்து குடுக்காகல்ல, சரியாயிரும் டீச்சர்" என்று உளறினேன்.

"சரியானாச் சரி. ஆகலன்னா, கண்ணு கேட்டு எங்க வீட்டுல வந்து நிக்காதீக. ரத்தம் பூரா கிருமி. எடுக்கக் கூடாது." மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. எடுத்துக்குவீகன்னே நெனச்சுக்கிட்டிருப்பாரு. நீங்கதான் சொல்லணும்."

சரியாகவில்லை. துட்டிச் செய்தி வந்ததும் முத்துமாரி தானாகவே வந்து, டீச்சரின் சொந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சாத்தூர் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "நான் அன்னைக்கு வாய் விட்டது பலிச்சிருச்சாண்ணே?" என்றாள். "வாய மூடிக்கிட்டு வா. சக்கர வியாதிக்கு உன் வாயா காரணம்?" என்றேன். கிருமியைத் தேடினவரைக் கிருமியே கொண்டு போய்விட்டது என்று பின் சீட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்குள் சர்ச் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. ஃபேன் ஓடவில்லை. டீச்சரின் தலைக்கடியில் இரண்டு தலையணை வைத்து உயர்த்தியிருந்தார்கள். கண்கள் மேல் ஈரப் பஞ்சு. அவர் வீட்டுக்காரர் கையில் ஒரு டம்ளரோடு எழுந்து வந்தார். அந்தச் சொத்தைக் கத்திரிக்காய் வாங்கி வந்த மனுஷர்.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தரையும் ஃபேன் போட விடல. பஞ்சும் கொதிக்க வச்சு ஆறுன தண்ணியிலதான் நனைச்சேன், இந்தா இருக்கு பாருங்க. பெட்டி எங்க?"

எத்தனையோ வீட்டில் கண்ணைக் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"பெட்டி கொண்டாரல சார்" என்றேன். "ரத்தத்துல கிருமி வளந்திருச்சு. எடுக்கக் கூடாது. டீச்சரே ரிப்போர்ட்டப் பாத்துட்டு எங்கிட்டச் சொல்லிட்டாக."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவளே சொன்னாளா?"

"ஆமா சார்."

"அப்பச் சரி" என்றார். "அவ பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஃபேனப் போடுங்கப்பா, சனங்க வேத்துப் போயிக் கெடக்காக" என்றார். யாரோ போட்டார்கள்.

முத்துமாரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, பஞ்ச எடு. மூஞ்சியப் பாக்கணும்."

இரண்டு பஞ்சையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். டீச்சர் வாயை இறுக மூடியிருந்தார், தட்டைத் திறக்கும்போது மூடுவாரே அப்படி. முத்துமாரி குனிந்து, தன் ஒரு கண்ணால், நெற்றியிலிருந்து பாதம் வரை மெதுவாகப் பார்த்தாள்.

"இவுகளாண்ணே? அந்தக் குரலுக்கு நல்லா நெட்டையா இருப்பாகன்னுல்ல நெனச்சேன். இம்புட்டுக் குட்டையா இருக்காக."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்கும் வரவில்லை. கையில் பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கே போடுவதென்று தெரியவில்லை. அவள் டீச்சரின் காதுப் பக்கம் இன்னும் குனிந்து, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இம்மட்டும் நல்லாத் தெரியுது டீச்சர்."